ஆடி மாதத்து அறுபத்தொன்பது சைபர்கள்

கல்லிடைக்குறிச்சி
11.3.2025

விஜயஸ்ரீ அவர்களுக்கு,

பிப்ரவரி 19 தேதியிட்ட உங்கள் கடிதம் கிடைத்தது. என் அப்பா முத்துமாலையின் மழை ஏடுகளைச் சரிபார்க்க அனுப்பி வைக்கும்படி கேட்டிருக்கிறீர்கள். தபால் செலவையும் தந்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறீர்கள். ஏடுகளை அனுப்ப மாட்டேன். ஏன் என்பதை முழுக்க எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும். அவரைப் பற்றி நீங்கள் எழுதிய ஆங்கிலக் கட்டுரையை நான் அகராதியை வைத்துக்கொண்டு நாலு நாள் படித்தேன். நீங்கள் இதை ஒரு மணி நேரம் படிக்கலாம்.

உங்கள் கட்டுரையின் பதினோராம் பக்கத்தில், மலை எஸ்டேட்டில் மழை அளந்தவர் ஒவ்வோர் ஆடி மாதமும் அளவுகளைத் தன் கற்பனையிலிருந்து எழுதியிருக்கிறார் என்று இருக்கிறது. எந்த அடிப்படையில் எழுதினீர்கள்? பக்கத்து மலையின் அளவுகளோடு ஒப்பிட்டீர்கள், பொருந்தவில்லை. அதுவரை சரி. அளந்த மனிதர் உயிரோடு இருக்கிறாரா, எங்கே இருக்கிறார் என்று ஒரு போன் போட்டுக் கேட்டீர்களா? இப்போது ஏடு வேண்டும் என்றதும் விலாசம் கிடைத்துவிட்டதே.

உங்கள் கட்டுரைக்கு, அந்த அளவுகளை வைத்துச் சூத்திரம் எழுதிய பேராசிரியர் குமரகுருபரனின் பதில் அடுத்த மாதமே வந்தது. அரைகுறையாக எழுதத் தெரிந்த ஒரு தோட்டத் தொழிலாளியை நல்லெண்ணத்தோடு நம்பிவிட்டேன் என்று எழுதியிருந்தார். நீங்கள் பொய் என்றீர்கள், அவர் ஆமாம் என்றார். பிறகு ஒரு தமிழ்ப் பத்திரிகை அதை எடுத்துப் போட்டது. 'எஸ்டேட் கூலி எழுதிய பொய்க் கணக்கு: ஏமாந்தது உலகம்.' என் அப்பாவுக்கு எண்பத்து மூன்று வயது. லென்ஸ் வைத்துத் தினமும் பத்திரிகையை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படிப்பவர். அன்றைக்கும் படித்தார். அதன் பிறகு அவர் ரயில்வே கேட் பக்கத்து டீக்கடைக்குப் போகவில்லை. இரண்டு மாதமாகப் போகவில்லை.

இனி நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

அப்பா 1970 முதல் எஸ்டேட்டின் மேல் பிரிவில் மழை அளந்தார். காலை எட்டரைக்கு மழைமானிக்குப் போய், புனலை எடுத்துவிட்டு, உள்ளே இருக்கும் குப்பித் தண்ணீரை அளவுக் கண்ணாடியில் ஊற்றிப் பார்த்து எழுதவேண்டும். ஆபீஸ் லெட்ஜரில் ஒன்று, தன் சொந்த ஏட்டில் ஒன்று. காய்ச்சலிலும் போனார். அட்டை கடித்து ரத்தம் ஒழுக ஒழுகப் போனார். வருடத்தில் மூன்று நாள் மட்டும் போகமாட்டார். ஆடி அமாவாசைக்கு எங்கள் ஆட்கள் எல்லோரும் மலையிறங்கி, காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலில் போய்க் குடில் போட்டுத் தங்குவோம். நாலாம் நாள் காலையில்தான் அப்பா மழைமானிக்குத் திரும்பி வருவார்.

அந்த மூன்று நாளைக்கு ஏதாவது ஒரு நம்பரைப் போட்டு வை என்று எஸ்டேட் துரை சொன்னாராம். அப்பா போடவில்லை. தான் பார்க்காத அளவைத் தான் எழுத முடியாது என்று சொல்லிவிட்டார். அதற்காக ஒரு தடவை ஒரு வாரச் சம்பளம் பிடித்தார்கள். மூன்று நாளையும் வெறுமையாக விட்டு, நாலாம் நாள் மானியில் மொத்தமாகச் சேர்ந்திருந்த தண்ணீரை அளந்து எழுதி, நாலு வரிகளையும் பெரிய அடைப்புக்குறிக்குள் அடக்கி, 'நாலு நாளைக்கும் சேத்து' என்று ஓரத்தில் எழுதுவார். எல்லா வருடமும் இப்படித்தான். ஒரு வருடம் மட்டும் அடைப்பு கிடையாது, 1986. அந்த வருடம் சித்திரையில் என் அம்மா இறந்துபோனாள். தீட்டு இருந்ததால் நாங்கள் கோயிலுக்குப் போகவில்லை.

1994-இல் குமரகுருபரன் டெல்லியில் ஆராய்ச்சி மாணவர். இந்த ஊர்ப் பெரிய வீட்டுப் பிள்ளை. அவருடைய அப்பா வைத்தியலிங்கம் பிள்ளைதான் நான் படித்த பள்ளிக்கூடத்தின் தாளாளர். லெட்ஜரைக் காட்ட எஸ்டேட் ஆபீஸில் மறுத்ததும், யாரோ அப்பாவின் ஏட்டைப் பற்றிச் சொல்ல, அவர் எங்களைத் தேடி வந்தார். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. சித்தி வீட்டில் தங்கி டைப்ரைட்டிங் படித்துக்கொண்டிருந்தேன். இருபத்து நாலு வருட அளவுகளைக் கட்டம் போட்ட தாளில் நகலெடுத்துத் தரச் சொன்னார். என் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கிறது என்றார்.

எதற்கு என்று கேட்டதற்கு நன்றாகவே விளக்கினார், அதைச் சொல்லவேண்டும். ஆடியில் பெருமழை பெய்தால் உனக்கு இவ்வளவு தருகிறேன் என்று ஒருவன் சீட்டு எழுதிக் கொடுக்கிறான் என்று வைத்துக்கொள். மழை இன்னும் பெய்யவில்லை. பெய்யுமா என்று யாருக்கும் தெரியாது. அந்தச் சீட்டுக்கு இன்றைக்கு என்ன விலை? அதைக் கண்டுபிடிப்பதுதான் தன் படிப்பு என்றார். மிளகு விலை, ரப்பர் விலை, டாலர் விலை எல்லாவற்றின் மேலும் இப்படிச் சீட்டு எழுதி விற்கிறார்களாம். டெரிவேட்டிவ் என்று அதற்குப் பெயர். எந்தப் பொருள் எவ்வளவு துள்ளும் என்று தெரிந்தால் சீட்டுக்கு விலை போட்டுவிடலாம்.

நான் அடைப்புக்குறிகளோடுதான் நகலெடுத்து அனுப்பினேன். செப்டம்பர் 2-ஆம் தேதியிட்டு அவரிடமிருந்து ஓர் இன்லாந்துக் கடிதம் வந்தது. அதன் ஜெராக்ஸ் இத்துடன் இருக்கிறது. 'கம்ப்யூட்டர் வெற்றிடத்தை ஏற்காது. அடைப்புக்குறிகளை நீக்கி, வெறுமையாக உள்ள நாட்களுக்குச் சைபர் போட்டு, ஓரக் குறிப்பு இல்லாமல் மறுபடி எழுதி அனுப்பவும்.' இவ்வளவுதான் வாசகம்.

வெறுமை என்றால் தெரியாது என்று பொருள். சைபர் என்றால் போய்ப் பார்த்தேன், ஒரு சொட்டும் இல்லை என்று பொருள். இது எனக்குத் தெரியும். மழைமானிக்குப் பக்கத்தில் வளர்ந்த பிள்ளை நான். தெரிந்தும் போட்டேன். இருபத்து மூன்று வருடம், வருடத்துக்கு மூன்று, அறுபத்தொன்பது சைபர். அப்பாவிடம் சொல்லவில்லை. அடுத்த ஜூனில் அவருடைய அப்பாவின் பள்ளிக்கூடத்தில் எனக்கு எழுத்தர் வேலை கிடைத்தது. இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்று முப்பது வருடமாக எனக்கு நானே சொல்லி வந்தேன்.

அந்தத் தாள்களில் அவர் என்ன கண்டுபிடித்தார் என்பது உங்களுக்கே தெரியும். மூன்று நாள் காய்ந்து கிடந்து நாலாம் நாள் ஒரேயடியாக இருநூறு மில்லிமீட்டர் கொட்டுகிறது. இயற்கை நடப்பதில்லை, தாவுகிறது என்று எழுதினார். அந்தத் தாவலுக்கு விலை போடும் சூத்திரத்துக்கு அவருடைய பெயரையே வைத்தார்கள். அமெரிக்காவில் வேலை, முப்பத்தைந்து வயதில் பேராசிரியர், வங்கிகளுக்கு ஆலோசனை, தங்க மெடல். தாவல்கள் எப்போதும் அமாவாசையை ஒட்டியே வருவதைக் கவனித்து, நிலாவுக்கும் மழைக்கும் உள்ள தொடர்பு என்று தனியாக ஒரு கட்டுரை எழுதினார். 1986-இல் தாவல் இல்லாததற்குப் பசிபிக் கடல் சூடானதுதான் காரணம் என்றார். என் அம்மாவின் சாவு அவருடைய கட்டுரையில் பசிபிக் கடலாகிவிட்டது. பாபநாசம் படித்துறையில் ஆடி அமாவாசைக்குக் கால் வைக்க இடம் இருக்காது. அதைப் பார்த்து வளர்ந்த மனிதருக்கு, அன்றைக்கு மழை அளக்கிறவனும் மனுஷன்தானே, கோயிலுக்குப் போயிருப்பானோ என்று தோன்றவில்லை. அண்ணாந்து நிலாவைப் பார்த்தார்.

இத்தோடு போயிருந்தால் பணக்காரர்கள் தங்களுக்குள் சீட்டு விற்றுக்கொண்டார்கள் என்று விட்டிருப்பேன். ஏழு வருடத்துக்கு முன் ஒரு கம்பெனி அந்தச் சூத்திரத்தோடு எங்கள் ஊருக்கே வந்தது. ஆடி, ஆவணியில் மலையில் ஒரே நாளில் இருநூறு மில்லிமீட்டர் பெய்தால் ஏக்கருக்கு இவ்வளவு தருவோம் என்று வாழைக்காரர்களிடம் சீட்டு விற்றது. சூத்திரத்தின்படி அப்படிப்பட்ட நாள் அடிக்கடி வரும் என்பதால் சீட்டின் விலையும் அதிகம். என் வீட்டுக்காரர் பெருமாள்ராஜ் ஆற்றோரம் குத்தகைக்கு வாழை வைத்திருக்கிறார். ஆறு வருடம் வாங்கினார். அப்படி ஒரு நாள் வரவே இல்லை. எப்படி வரும்? அது என் அப்பா கோயிலுக்குப் போன நாலு நாளைச் சுருட்டி ஒரு நாளாக்கியது. பிறகு 2023 மார்கழி முதல் தேதி தாமிரபரணி வந்து வாழையையும் மண்ணையும் சேர்த்து வாரிக்கொண்டு போனது. கம்பெனிக்குப் போன் போட்டோம். சீட்டில் எழுதியிருக்கும் மாதம் ஆடியும் ஆவணியும்தான், மார்கழி இல்லை என்றார்கள். மார்கழிக்கும் ஒரு அடைப்பு விழுந்திருந்தால் அதையும் எழுதியிருப்பார்கள் போல.

இப்போது பேராசிரியரின் வருகை. சென்ற மாதம் 24-ஆம் தேதி சாயங்காலம், உங்கள் கடிதம் வந்து இரண்டு நாள் கழித்து, அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். அப்பா சலூனுக்குப் போயிருந்தார். பெருமாள்ராஜ் வயலில். நாற்காலியில் உட்கார்ந்து, டைப் செய்த ஒரு தாளை எடுத்து வைத்தார். தனக்கு வயதாகிவிட்டது என்றும், ஆடி மாதத்து அளவுகள் எப்படி எழுதப்பட்டன என்று நினைவில்லை என்றும், தவறுகள் இருந்திருக்கலாம் என்றும் என் அப்பா சொல்வதாக அதில் இருந்தது. கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது.

முத்துமாலை வந்ததும் ஒரு கையெழுத்து வாங்கிக் கொடு, ஏடுகளையும் கொடு, பெரிய நூலகத்தில் கண்ணாடிப் பெட்டியில் வைக்கச் சொல்கிறேன் என்றார். தன்னை விட இருபத்தைந்து வயது மூத்தவரை வெறும் பெயர் சொல்லிப் பேசினார்.

"அப்பாக்கு ஞாபகம் நல்லாவே இருக்கு. எந்த வருசம் எத்தன மில்லின்னு இப்பவும் சொல்லுவாவ" என்றேன்.

"தெரியும். அதனாலதான் இந்தத் தாளு. யாரும் அவர ஜெயில்ல போடப் போறதில்ல, சந்தனமாரி. எண்பத்து மூணு வயசுல ஒரு பேரு போனா என்ன ஆயிரும்? எனக்கு முப்பது வருச வேல. சூத்திரம் தப்பில்ல, உள்ள போட்ட எண்ணுதான் தப்பு. அந்தச் சூத்திரம் இல்லன்னா நானும் இங்கன ஏதோ ஒரு காலேஜ்ல வாத்தியாராத்தான் இருந்திருப்பேன்."

அந்தக் கடைசி வாக்கியத்தை உண்மையாகச் சொன்னார் என்றுதான் நினைக்கிறேன். அதனால்தான் எனக்கு இன்னும் அதிகமாகப் பற்றிக்கொண்டு வந்தது. அடைப்பை எடுக்கச் சொன்னது நீங்கள்தான், கைப்பட எழுதிய இன்லாந்து என்னிடம் இருக்கிறது என்றேன். அவர் பைய, குரலை உயர்த்தாமல் சொன்னார்.

"இருக்கட்டும். ரெண்டையும் மேசையில வைப்போம். என் இன்லாந்து ஒரு பக்கம், நீ எழுதின தாளு ஒரு பக்கம். ஒங்க அப்பா எதப் பாப்பாரு? சைபர் யாரு கையெழுத்து?"

தாளை அங்கேயே வைத்துவிட்டு, நாளைக் காலை வருகிறேன் என்று எழுந்துபோனார்.

விஜயஸ்ரீ, இந்த இடத்தில் நான் யோசித்தேன் என்பதை எழுதத்தான் வேண்டும். அப்பாவிடம் ஏதோ சொல்லித் தாளில் கையெழுத்து வாங்கிவிடலாம். அவர் என்னை நம்புகிறவர். அப்படிச் செய்தால் அவருடைய பேர் போகும், ஆனால் மகள் மேல் வைத்த நம்பிக்கை போகாது. ஒரு மணி நேரம் இப்படி யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்பா சலூனிலிருந்து வந்தார். முடிவெட்டிய கழுத்தோடு வந்து, கடையில் ஒருத்தன் அந்தப் பழைய பத்திரிகைச் செய்தியைச் சத்தமாக வாசித்துக் காட்டினான் என்றும், தான் பாதியில் எழுந்து வந்துவிட்டதாகவும் சொன்னார். கழுத்தின் ஒரு பக்கம் மட்டும்தான் வெட்டியிருந்தது.

அதைப் பார்த்ததும் சொல்லிவிட்டேன்.

"அப்பா, அந்தச் சைபரு எல்லாம் நான் போட்டது."

அவருக்குப் புரிய நேரமாயிற்று. எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னேன். இன்லாந்தையும் காட்டினேன். அதை அவர் வாங்கவே இல்லை. பெட்டியைத் திறந்து ஏடுகளை எடுக்கச் சொன்னார். 1978-ஐப் பிரித்து, லென்ஸை வைத்து, ஆடியைக் கண்டுபிடித்தார்.

"இந்த வருசம் இறங்கும்போது ஒனக்கு ஆறு வயசு. சாக்கப் போட்டு மூடி ஒன்னத் தோள்ல வச்சுட்டு வந்தேன். வழியெல்லாம் மழ. கண்ணு தெரியாத மழ. நீயும் நனஞ்சேல்லா?"

"நனஞ்சேன்."

"நனஞ்சுட்டு, அன்னைக்கு மழையே இல்லன்னு எழுதியிருக்க."

அவர் சொன்னார்தானே என்று வாய்க்குள் ஏதோ முனகினேன் போலிருக்கிறது.

"அவரு சொன்னா? தொர சொன்னான், நான் போட்டனா? ஒரு வாரச் சம்பளத்தப் புடிச்சான், அப்பவும் போட்டனா? எனக்கு நாலாங்கிளாஸு. நீ பன்னெண்டு படிச்சவ."

எத்தனை என்று கேட்டார். அறுபத்தொன்பது என்றேன். அவர் விரலால் ஏடுகளைத் தொட்டுத் தொட்டு, 1986-ஐத் தள்ளிவிட்டு எண்ணிப் பார்த்து, சரிதான் என்பதுபோல் தலையசைத்தார். அன்றைக்கு நான் வைத்த சோற்றைச் சாப்பிடவில்லை. பெருமாள்ராஜ் வந்து கெஞ்சியதும் கடையில் இட்லி வாங்கிவரச் சொன்னார்.

மறுநாள் காலை எட்டரைக்குப் பேராசிரியர் வந்தார். அப்பா சட்டை போட்டுக்கொண்டு தயாராக உட்கார்ந்திருந்தார். வாங்க, உட்காருங்க என்று மரியாதையாகத்தான் ஆரம்பித்தார். தாளைக் கையில் வாங்கி, ஆங்கிலத்தில் இருந்ததால் என்ன எழுதியிருக்கிறது என்று அவரையே தமிழில் சொல்லவைத்தார். பேராசிரியர் சொன்னார். நினைவில்லை என்ற இடத்தில் அவருடைய குரல் கொஞ்சம் இறங்கிற்று. அப்பா தாளை மடித்துத் திருப்பி நீட்டினார்.

"நீரு கல்லிடைக்குறிச்சிக்காரருதான வே? ஆடி அமாவாசைன்னா என்னன்னு ஒம்ம வீட்ல ஒருத்தரும் சொல்லலியா? நெலாவப் பாத்துக் கட்டுர எழுதுனீராம். மல மேல நான் இருந்தேன். எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா."

பேராசிரியர், அந்தக் காலத்தில் எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள், விட்டுப்போன இடத்தில் சைபர் போடுவது வழக்கம் என்றார்.

"விட்டுப் போகல. நான் விட்டேன். தெரிஞ்சு விட்டேன். எனக்குத் தெரியாதுன்னு எழுதத் தைரியம் வேணும் வே, ஒமக்கு அது இல்ல. எந்திச்சுப் போம்."

பேராசிரியர் என்னைப் பார்த்தார். நேற்றுச் சொன்னது ஞாபகம் இருக்கிறதா என்ற பார்வை. அப்பாவுக்குத் தெரியும், நானே சொல்லிவிட்டேன் என்றேன். தாளைப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார். வாசலில் செருப்பைக் கால் மாற்றி மாட்டி, கழற்றி மறுபடி மாட்டினார். எனக்குக் கொஞ்சமும் இரக்கம் வரவில்லை, இதை எழுதும்போதும் வரவில்லை.

இன்றோடு பதினான்கு நாள். அப்பா என்னிடம் பேசுவதில்லை. வேண்டியதைப் பெருமாள்ராஜிடம் சொல்வார். நேற்று அவர் மூலமாகத்தான் உங்களுக்கு என்ன எழுதவேண்டும் என்று சொல்லி அனுப்பினார். அதை அப்படியே தருகிறேன்.

ஏடு வீட்டைவிட்டுப் போகாது. பார்க்கவேண்டியவர் இங்கே வரவேண்டும். மொத்தம் இருபத்தெட்டு ஏடு, ஒரு நாளில் பார்த்து முடியாது, தங்கும்படி வரவேண்டும். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, ஆடி ஆடியாகப் பார்க்கவேண்டும். பார்த்து முடித்ததும், கற்பனையாக எழுதினார் என்ற வரியைத் தப்பு என்று நீங்களே அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லவேண்டும். அதன் பிறகு உங்கள் கட்டுரையிலும் அந்தத் தமிழ்ப் பத்திரிகையிலும் திருத்தம் வரவேண்டும். பத்திரிகையில் அதே பக்கம், அதே அளவு எழுத்து.

திருத்தத்தில் மூன்று பேர் இருக்கவேண்டும் என்றாராம். அளந்து, தெரியாததைத் தெரியாது என்று அடைப்புக்குள் எழுதியவர் முத்துமாலை. அடைப்பை எடுக்கச் சொன்னவர் குமரகுருபரன். எடுத்துவிட்டுச் சைபர் போட்டது முத்துமாலையின் மகள் சந்தனமாரி.

இதைச் சொல்லும்போது பெருமாள்ராஜ் தயங்கினார். கடைசி வரி வேண்டாம் மாமா, ஊருக்குள்ள பள்ளிக்கூடத்துல வேல பாக்கிறவ என்று கேட்டுப் பார்த்தாராம். அப்பா திரும்பிப் படுத்துக்கொண்டாராம்.

என் மேல் இரக்கப்பட்டு நீங்களாகவே அந்த வரியை எடுத்துவிடலாம் என்று நினைப்பீர்கள். படித்தவர்கள் அப்படித்தான் நினைப்பீர்கள், இடைஞ்சலாக இருப்பதை எடுத்துவிட்டால் சுத்தமாக இருக்கும் என்று. எடுக்காதீர்கள். எடுப்பதாக இருந்தால் வாசலிலேயே உங்களைத் திருப்பி அனுப்புவேன்.

மு. சந்தனமாரி

இணைப்பு: 2.9.1994 இன்லாந்துக் கடிதத்தின் ஜெராக்ஸ், ஒன்று.